அருவிக்கு முன்னால் ஒரு கோட்டு

எழுத்துகள் கோடு தாண்டிப் போகின்றன, பொறுத்துக்கொள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் பிளேன்ரீ ஆறிவிடுகிறது. ஆனாலும் எனக்கு நல்ல சந்தோசம். போன வருசம் வாசிகசாலையில் எழுத்துப் பழகியதிலிருந்து கண்ட பலகையை எல்லாம் வாசித்துக்கொண்டு திரிகிறேன். இன்று காலை சந்தியில் புதுப் பதாகை ஒன்று கட்டினார்கள். அந்தப் பிளாஸ்ரிக் மணம் மூக்கில் ஏறியதும் உன்னுடைய பதாகை ஞாபகம் வந்து எரிச்சல் பற்றிக்கொண்டது.

உன் கண்ணீர் அஞ்சலிப் பதாகையை நீ பார்க்கவில்லை. கொடுத்து வைத்தவன். பின்னால் பனிமலை, அருவி, இரண்டு அன்னங்கள். நடுவில் கறுப்புக் கோட்டும் நீலக் கழுத்துப்பட்டியுமாய் நீ. பருத்தித்துறை பஸ்ஸில் ஆயுள் முழுக்க ரிக்கற் கிழித்த உனக்கு எந்த ஊர் அன்னம்? அதே கோட்டைத்தான் அதற்கு முதல் மாதம் செத்த பேக்கரி முதலாளியும் போட்டிருந்தார். ஸ்ரூடியோவில் தலையை மட்டும் கழற்றி மாட்டுகிறார்கள். ஒரு டயர் மாற்றுகிறவனுக்கு இதைவிடக் கவனம் இருக்கும்.

நீயும் வெட்டி ஒட்டியவன்தான். மீன் சந்தைக்குள்ளும் பஸ்ஸுக்குள்ளும் போனை நீட்டிக்கொண்டு திரிவாய். ஐஸ் பெட்டி, வெட்டுப் பலகை, செதில் ஒட்டிய கைகள், பஸ் சீற்றின் கிழிசல், எல்லாவற்றையும் படம் எடுப்பாய். வீட்டுக்குப் போய் அவற்றைப் போனிலேயே விரலால் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி வேறொரு படம் செய்வாய். ஒரு நாள் கரையில் ஏற்றியிருந்த என் வள்ளத்துக்கு முன்னால் குந்தியிருந்தாய்.

"என்ன மச்சான், ஓட்டை கீட்டை கிடக்கோ?"

"பேசாமல் இரு. வானம் எடுக்கிறன்."

"வானம் மேலையெல்லோ கிடக்கு."

"அது எல்லாருக்கும் கிடக்கு. உன்ரை வள்ளத்திலை உரிஞ்ச பெயின்ற் ஆருக்குக் கிடக்கு?"

அந்த நீல உரிசலை வானமாக்கி, அதன் கீழே சந்தையை வைத்து, பழைய ரிக்கற்றுகளைக் காகங்களாகப் பறக்கவிட்டாய். அன்றுதான் என் வள்ளத்தை நான் ஒழுங்காகப் பார்த்தேன்.

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். என் எழுத்து அச்சில் வரப்போவது அதுதான் முதல் தரம். அட்டைக்கு உன்னுடைய சந்தைப் படத்தைப் போடச் சொன்னேன். கனடாவிலிருந்து உன் மகள் போன் எடுத்தாள்.

"மாமா, அப்பான்ரை மலரிலை மீன் சந்தையோ? பதாகைப் படமே அட்டைக்கும் வரட்டும். சனம் என்ன நினைக்கும்?"

"அருவியைப் பாத்தால் என்ன நினைக்கும், பிள்ளை? கொப்பர் குளிக்கப் போய்ச் செத்தவர் எண்டோ?"

"ஸ்ரூடியோவிலை எல்லாம் சொல்லி முடிஞ்சுது, மாமா."

"அப்ப என்ரை கடதாசியைத் திருப்பித் தரச் சொல்லு. உந்தக் கோட்டுக்குப் பக்கத்திலை என்ரை எழுத்து நிக்காது."

தந்துவிட்டார்கள். மலர் வந்தது. வழுவழுத்த தாள், அதே அருவி, அதே அன்னங்கள். உள்ளே ஆளாளுக்கு உன்னைப் 'பண்பாளர்' என்று எழுதியிருந்தார்கள். யாரைப் பற்றியும் எழுதலாம் அப்படி. என் வள்ளத்துக்கு முன்னால் நீ குந்தியிருந்ததை ஒருவரும் எழுதவில்லை. என் பெயரை அச்சில் வாசிக்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். இரண்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் கடதாசியைத் திருப்பி வாங்கியது பிழை என்று மனம் சொல்லவில்லை.

சந்தைக்கு இப்போதும் போகிறேன். நேற்று நனைந்த சாக்கில் கொட்டியிருந்த சூடை மீன்களுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னணை அப்பு, வாங்கப் போறியளோ, பாக்கப் போறியளோ?" என்றாள் விற்கிறவள்.

"பாக்கத்தான், பிள்ளை."

வெயில் பட்டபோது அந்த வயிறுகளில் ஒரு நிறம் ஓடியது. வீட்டுக்கு வந்து வெள்ளி என்று எழுதினேன். அது நகைக்கடைக்காரன் சொல், அடித்துவிட்டேன். சரியான சொல் இன்னும் என்னிடம் இல்லை. அடுத்த கிழமைக்குள் பிடித்துவிடுவேன், பிடித்ததும் உனக்குத்தான் எழுதுவேன்.