மூன்று புள்ளிகள்

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மருந்துக்கடை வைத்துக்கொண்டு மருந்து சாப்பிட மறக்கிற ஆள் நீ ஒருத்தன்தான்.

பதினைந்தாம் தேதி தேசிய நாள். நகரசபை வாசலில் கட்டுவதற்கு, இந்த ஊரில் பேசும் பதினோரு மொழிகளிலும் 'இது எங்கள் மண்' என்று பேனர் அடித்திருக்கிறார்கள். எங்கள் ஆபீஸ் தபால் பிரிவில் அதைப் பிரித்தவள் நான். நம் தமிழ் வரியில் ஒரு புள்ளிகூட இல்லை. 'இது எஙகள மண'. பல் செட்டைக் கழற்றிவிட்டுப் படித்தால் இப்படித்தான் வரும்.

மேலாளரிடம் சொன்னேன். "மூணு புள்ளிதானே, யாரு பார்க்கப் போறாங்க?" என்றார். "நாங்க பார்ப்போம் சார்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தங்கை

---

ஜூன் 9

வாயாடிக்கு,

உன் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டே மாதம். நம் மொழிக்கு அதில் இடம் கொடுத்ததே பெரிது, நொட்டை சொல்லாதே. நான் வீட்டில்கூட நம் பேச்சை விட்டு வருஷங்கள் ஆகின்றன. பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. யாரும் எங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை, நிம்மதியாக இருக்கிறோம். கொடி ஏற்றினால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போ.

அண்ணன்

---

ஜூன் 16

அண்ணா,

கைதட்டினேன். அதற்கு முன்னால் தடித்த மார்க்கர் பேனாவோடு ஏணியில் ஏறினேன்.

காவலாளிதான் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மொழி வேறு. நான் மூன்று புள்ளியும் வைத்து முடித்ததும், "ஆறாவது வரி எங்களோடது, அதுலயும் ஒரு கோடு விட்டுப்போச்சு, போட்டுடுங்க" என்றார். அவர் காட்டிய இடத்தில் போட்டேன். பிறகு தேசிய கீதம் பாடினோம். என் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. பெருமையாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

இன்று மெமோ வந்திருக்கிறது. அரசுப் பொருளைக் கெடுத்தேனாம்.

தங்கை

---

ஜூன் 21

தங்கைக்கு,

மன்னிப்புக் கடிதம் நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போடு. இது நமக்கு இடம் கொடுத்த நாடு, இங்கே அடக்கமாக இருக்க வேண்டும். போடமாட்டேன் என்றால் இனி எனக்கு எழுதாதே.

அண்ணன்

---

ஜூன் 27

அன்புள்ள அண்ணா,

நீ எழுதிய மன்னிப்புக் கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன்.

மெமோவுக்கு நானே பதில் எழுதிக் கொடுத்தேன். விருந்தாளியாக வந்திருந்தால் தப்பைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். நான் இந்த வீட்டுக்காரி, கோணலாக இருந்தால் நிமிர்த்தி வைப்பேன் என்று எழுதினேன். நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் அடுத்த வருஷமும் கொடி ஏற்றும்போது முன்வரிசையில் நிற்பேன். அதற்கு யாருடைய வேலையும் எனக்குத் தேவையில்லை.

எழுதாதே என்கிறாய். எழுதுவேன். நீ பதில் போடாவிட்டாலும் மாதம் ஒன்று வரும். நம் மொழியில் உனக்குக் கடிதம் எழுத வேறு யார் இருக்கிறார்கள்?

உன் தங்கை