கால் அடங்கினால் கை அடங்காது

அன்பு மகள் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகம்தானே, போனில் கேட்டுவிட்டேன், ஆனாலும் கையால் எழுதிக் கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கும். இங்கே எல்லோரும் நலம், என் கால் மட்டும்தான் நலமில்லை. இதை அடுப்படி மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் நாலு வரிக்கு மேல் கால் விடாது. எழுத்து கோணியிருந்தால் அம்மாவுக்குக் கண் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் அண்ணி போன வாரம் உன்னிடம் போனில் சொன்னதை நான் குளியலறையில் துணி அலசிக்கொண்டே கேட்டேன். அத்தை வேணும்னேதான் பண்றாங்க, என் மேல இருக்கிற கடுப்பைத் திரைச்சீலை மேல காட்டுறாங்க என்றாள். நீயும் ம் கொட்டியிருப்பாய். அவள் பக்கம் கேட்டாய் அல்லவா, இப்போது என் பக்கமும் கேள். காலுக்குள் ஏதோ ஊர்கிறது, எலும்புக்குள் யாரோ சோடா பாட்டிலைக் குலுக்கிவிட்ட மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னபோது உன் அண்ணன் வயசாச்சு இல்ல என்றான், அதை நான் இன்னும் மறக்கவில்லை. ராத்திரி முழுக்க நான் நடக்கிற சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து மேல என்ன ஆட்டு மந்தையா ஓட்டுறீங்க என்று கேட்டதையும் மறக்கவில்லை, அவர் வீட்டுக் குழாய் ஒழுகினபோது வாளி கொடுத்தது நான். கடைசியில் டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தாள். முதலில் அது அமிர்தம்தான், விறகு மாதிரிக் கிடந்து தூங்கினேன். அப்புறம் படுக்கும்போது வந்த ஊர்ச்சல் சாயங்காலம் டீ குடிக்கும்போதே வந்தது, அதற்கும் அப்புறம் மத்தியானச் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்துகொண்டது. உன் அண்ணன் டாக்டரைக் கேட்காமலே இன்னொன்று சேர்த்துக் கொடுத்தான். நீயும்தான், என் பிரசவத்துக்கு வர பிளேன்ல அவ்வளவு நேரம் உட்காரணுமேம்மா, கூட ஒண்ணு போட்டுக்கோ என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய். நானும் போட்டேன், கால் அடங்கியது.

கால் அடங்கினதும் கை கிளம்பிவிட்டது. தையல் கம்பெனியில் என் வேலை உனக்குத் தெரியும், மற்றவர்கள் தப்பாகத் தைத்ததையெல்லாம் பிரித்துக் கொடுப்பது. அந்தக் கை மறுபடி வந்தது. முதலில் ஒரு தலையணை உறை, ஓரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தது, பிரித்துத் தைத்தேன். தைத்ததைத் திரும்பவும் பிரித்தேன். அப்புறம் கூடத்துத் திரைச்சீலை, உன் அண்ணனின் காற்சட்டை, போர்வை. காலையில் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடுவது காதில் விழாது. உன் அண்ணனின் மகள் வாலு இருக்கிறாளே, அவள் பள்ளிக்கூடப் பையின் வாரைப் பிரித்த நான் திரும்பத் தைக்கவில்லை போலிருக்கிறது, நடுத்தெருவில் பை அறுந்து புத்தகமெல்லாம் சாக்கடையில் விழுந்து பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். அன்றைக்குத்தான் கத்தரிக்கோலைப் பூட்டி வைத்தார்கள். மிஷினைப் பரண்மேல் ஏற்றினார்கள். நான் ஊக்கால் பிரித்தேன். ஊக்கையும் எடுத்துக்கொண்டாள் உன் அண்ணி, நகத்தால் பிரித்தேன். வெளியே போட்ட பூட்டென்றால் சாவி எங்கே என்றாவது கேட்கலாம், இது எனக்குள்ளேயே போட்ட பூட்டு. வேண்டாம் வேண்டாம் என்று வாய் சொல்கிறது, விரல் அது பாட்டுக்கு நூலை இழுக்கிறது. மாத்திரையை ஒரு நாள் விட்டுப் பார்த்தேன், கால் என்னைச் சுவருக்கும் சுவருக்கும் அடித்து ஓட்டியது. போட்டால் கை, விட்டால் கால்.

இதெல்லாம் வீம்பு என்று அவள் நினைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், நான் கை குறைத்துக் கொடுத்த உன் அண்ணனின் பச்சைக்கோடு சட்டையைக் கொண்டுபோய்க் கடைத் தையல்காரரிடம் பிரித்துத் தைக்கச் சொன்னாள். வெள்ளிக்கிழமை, மழை பெய்துகொண்டிருந்தது, கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு போனாள். அதை நான் வாரம் ஒரு தரமாவது சொல்லிக் காட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் அவளுடைய திரைச்சீலையைப் பிரித்தால் வேறு என்ன நினைப்பார்கள். சொல்லப்போனால் எனக்கே அப்படித்தான் தோன்றியது, இவ்வளவு விஷமா நம் மனசில் என்று பயந்துபோனேன். யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை. காலுக்குக் கொடுத்த மாத்திரைக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்.

போன திங்கட்கிழமை டாக்டரம்மாதான் தானாகக் கேட்டாள், ஏதாவது ஒரே வேலையை விடாம திரும்பத் திரும்பச் செய்யத் தோணுதாம்மா, கடையில வாங்கிக்கிட்டே இருக்கிறது, சீட்டாடுறது, அடுக்கி வைக்கிறது, அந்த மாதிரி என்று. நான் தரையைப் பார்த்தேன். உன் அண்ணி என் விரல்களைப் பார்த்தாள், நகக்கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவள்தான் சொன்னாள், பிரிக்கிறாங்க டாக்டர், எல்லாத்தையும் பிரிக்கிறாங்க. இந்த மாத்திரை சில பேருக்கு இப்படிச் செய்யும், உங்க குணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்றாள் டாக்டரம்மா. ஊர்ச்சல் பகலுக்கு வந்ததும் இதனால்தானாம், கூட்டக் கூட்ட இன்னும் முன்னால் வருமாம், கைக்கும் ஏறுமாம். சட்டென்று நிறுத்தவும் கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாற்ற வேண்டுமாம். இரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்திருக்கிறது என்று அதற்கும் மருந்து. குறைக்கிற நாளில் கால் முன்னைவிட மோசமாக ஆடும், பொறுத்துக்கணும்மா என்றாள். பஸ்ஸில் நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் கிடைத்தும் உன் அண்ணியும் கூடவே நின்றாள். முன்னாடியே சொல்லியிருக்கலாமே அத்தை என்றாள். நீ கேட்டியா என்றேன்.

இப்போது மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. உன் பிரசவத்துக்கு நான் வரவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிடு. மாத்திரையைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அத்தனை மணி நேரம் உட்கார்ந்து வந்துவிடுவேன், அதைத்தான் உன் அண்ணன் இன்னமும் சொல்கிறான். ஆனால் வந்து இறங்குகிறவள் உன் அம்மா இல்லை, இந்தக் கை. நீ அசந்து தூங்கும்போது உன் பிள்ளையின் தொட்டில் துணியில் ஒரு தையல் இழுத்துக்கொண்டிருந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. வாலுவின் பை அறுந்தது, அது பை. குறைத்து முடித்து, கை என் கையான பிறகு வருகிறேன், அதற்குள் பிள்ளை தவழ்ந்தால் தவழட்டும். நீ தனியாக வலி எடுத்துக் கிடப்பாய் என்று நினைத்தால் இந்தக் காலோடு கடலை நடந்தே தாண்டிவிடலாம் போலிருக்கிறது. மாப்பிள்ளையைப் பக்கத்திலேயே இருக்கச் சொல், வேலை எங்கேயும் ஓடாது. இன்னொன்று, ராத்திரியில் கெண்டைக்கால் ஊர்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாயே, அதைப் பிள்ளைத்தாய்ச்சி அலுப்பு என்று விட்டுவிடாதே. என் அம்மாவுக்கும் இருந்தது, அவளை ஆட்டக்காரி என்றார்கள், சொன்னவர்களின் முகம் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் டாக்டரிடம் சொல், இரத்தம் பார்க்கச் சொல், நீயாக ஒரு மாத்திரையும் போடாதே.

இதோடு ஒரு குட்டிச் சட்டை வருகிறது. கத்தரிக்கோலைப் பூட்டுவதற்கு முன்னால் மஞ்சள் துணியில் நான்தான் வெட்டித் தைத்தேன், தைத்ததைப் பிரித்தேன், மறுபடி தைத்தேன், கடைசியில் ஓரமெல்லாம் சல்லடையாகி ஊசி போட இடமில்லாமல் போய்விட்டது. தலையணைக்கடியில் ஒளித்து வைத்திருந்ததை உன் அண்ணி எடுத்து, ஓரத்தை வெட்டிவிட்டு அவளே உட்கார்ந்து தைத்திருக்கிறாள். ஊசி பிடிக்கத் தெரியாதவள். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, கழுத்து வழியில் ஆமை ஊர்ந்துபோன மாதிரித் தையல். பச்சைக்கோடு சட்டையைப் பற்றி இந்த வாரம் நான் எதுவும் சொல்லவில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கோணலைப் பார்த்ததிலிருந்து என் விரல் நிற்கவில்லை. இன்றைக்கே தபாலில் போட்டுவிடு, என் கண்ணில் காட்டாதே என்று அவளிடமே கொடுத்துவிட்டேன். அதைப் பிரிக்காமல் பிள்ளைக்குப் போடு.

நல்லபடியாகப் பெற்று எழுந்திரு, தாயும் பிள்ளையும் நூறாண்டு இருங்கள். இரத்தம் பார்க்க மறந்துவிடாதே.

நின்றபடியே,
உன் அம்மா