லாவண்டரும் வெட்டிவேரும்

என்னங்க,

நம் பையன் நாளைக்குப் பெண் பார்க்கப் போகிறான். இரண்டு சென்ட் பாட்டில்களை என் முன்னால் வைத்து, "எத்தம்மா போட்டுக்கினு போறது? நீயே சொல்லு" என்றான். ஒன்று வெட்டிவேர். இன்னொன்றைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். லாவண்டர். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பாழாய்ப்போன வாசனை எனக்கு ஆகவில்லை.

அறுபதுகளின் கடைசியில் நீங்கள் என்னைப் பார்க்க வந்தபோது, வெட்டிவேர் அத்தரில் நனைத்த பஞ்சைக் காது மடிப்பில் செருகியிருந்தீர்கள். கதவுக்குப் பின்னால் நின்ற என்னை என் தங்கை இடித்தாள். "மாப்ளைக்கு முன்னாடி வாசனை வந்துட்ச்சுக்கா!" உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குப் பிடித்துப்போனது. இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

கல்யாணமான புதிதில்தான் அந்த வினை வந்தது. நீங்கள் வேலை பார்த்த காந்தி ரோட்டு ஜவுளிக் கடையில் முகூர்த்தப் புடவையை விரித்துக் காட்டும்போது, உங்கள் விரலில் இருந்த அத்தர் ஒட்டி எண்ணெய்க் கறை விழுந்துவிட்டது. முதலாளி கத்தித் தீர்த்துவிட்டு, மறுநாள் ஒரு லாவண்டர் பாட்டிலை நீட்டினாராம். "இதுல எண்ணெ இல்லப்பா, காத்துல ஆறிடும். கடைக்கு இத்த போட்டுக்கினு வா. அத்தர வூட்டோட வச்சிக்க." நீங்களும் தலையாட்டிவிட்டு வந்தீர்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம் பகலெல்லாம் லாவண்டர். கடை சாத்தி வந்ததும் நேரே கிணற்றடி. கழுத்தில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, மாடத்து அத்தர்க் குப்பியை எடுத்துப் பஞ்சை நனைத்துக் காதில் வைத்துக்கொண்டு வந்து நிற்பீர்கள். "கடைக்காரன் போய்ட்டாம்மா. உன் ஆளு வந்துட்டான்." தினமும் இதே பேச்சுதான். தினமும் புதிதாகக் கேட்பதுபோல் சிரித்தேன்.

எழுபதுகளில் ஒரு மத்தியானம், கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டிக் கிடத்தியதும், கூட வேலை பார்த்தவர்கள் லாவண்டர் பாட்டிலைத் திறந்து தலையிலிருந்து கால்வரை தெளித்தார்கள். "அண்ணனுக்கு இதுன்னா உயிருங்க" என்று ஒருவர் குலுங்கி அழுதார். பாவம், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அத்தர் மாடத்திலேயே இருந்தது. ஐயோ, அதைத் தெளிக்காதீர்கள், அது அவர் வாசனை இல்லை என்று கத்தவேண்டும் போலிருந்தது. அதற்குள் தூக்கிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் போனேனே என்பது இன்றும் என்னை அறுக்கிறது.

பையனிடம் வெட்டிவேரை எடுத்துக் கொடுத்தேன்.

உங்கள் மாடத்துக் குப்பியின் அடியில் இன்னும் கொஞ்சம் அத்தர் இருக்கிறது. கடை சாத்தும் நேரத்துக்கு அதன் மூடியைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு அவர்கள் தூக்கிப்போனது கடைக்காரரைத்தான். நீங்கள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.