நாற்பத்திரண்டு பேர் வட்டம்

நவம்பர் 10, திங்கள்

மல்லி எட்டு கிலோ, மிளகாய் இருபது. மாவு மில்லை மூடி முகம் கழுவியும் கண் எரிச்சல் போகவில்லை. அப்படியே வள்ளிக்கும்மிக்கு ஓடினேன். பகலெல்லாம் மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு, பொழுதோடே அந்த ஒரு மணி நேரம் ஆடினால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.

ஆட்டம் முடிந்ததும் வாத்தியார் திருமலைசாமி ஒரு நோட்டீஸ் காட்டினார். ஜனவரியில் சோமனூரில் கும்மிப் போட்டியாம். ஒரு டீமுக்குப் பதினாறு பேர்தான். நாங்களோ நாற்பத்திரண்டு பேர். "நல்லா ஆடறவங்களாப் பொறுக்கிக்கலாமுங்க" என்றார். வட்டமாக நின்று ஆடுகிற ஆட்டத்தில் முதல் ஆள் யார், கடைசி ஆள் யார்? பொறுக்குவதற்கு இதென்ன கத்தரிக்காயா?

திரும்பி வரும்போது முட்டி வலி தாங்கவில்லை. லோகப்பிரியாவிடம் மட்டும் சொன்னேன், டாக்டர் தேய்மானம் என்கிறார் என்று. எதிர்வீட்டுக்காரி. கூடப் பிறந்தவள் மாதிரி. கும்மிக்கு வந்த புதிதில் எல்லாரும் வலப்பக்கம் திரும்பினால் இவள் இடப்பக்கம் திரும்பி முட்டிக்கொள்வாள். மில்லில் மூட்டைகளுக்கு நடுவே நிறுத்தி ஒரு மாதம் நான்தான் பழக்கினேன். "யாருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு, ஆட வேண்டாம்பாங்க" என்றேன். "நான் எதுக்குங்க்கா சொல்றேன்" என்றாள்.

நவம்பர் 12, புதன்

இன்று வாயை அடக்கவில்லை. "ஆடுனா நாப்பத்திரண்டு பேரும் ஆடுவோம். இல்லாட்டி அந்தப் போட்டியே நமக்கு வேண்டாமுங்க" என்று வாத்தியார் முகத்துக்கு நேரே சொன்னேன். முதலில் கை தட்டியது குழந்தையம்மாள்தான். எங்களில் மூத்தவர், அறுபத்து மூன்று. தாளம் ஒருநாளும் சேராது, ஆனால் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணலாம் என்று சொன்னது லோகப்பிரியா. கோயில் முன்னாடி வரிசையாக நின்று ஒவ்வொருத்தராக உள்ளங்கையால் அடித்து அணைத்தோம். நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு கட்டி பத்துமா? பாக்கெட்டே காலி. வாத்தியார் சிரித்துக்கொண்டே நின்றார்.

நவம்பர் 20, வியாழன்

வாத்தியாருக்கு உடம்பு சரியில்லையாம். இந்த வாரம் வகுப்பு இல்லை.

நவம்பர் 27, வியாழன்

இந்த வாரமும் இல்லை. லோகப்பிரியா வீட்டில் பொழுதோடே விளக்கு அணைந்துவிடுகிறது. கேட்டால், பாப்பாவுக்குப் பரீட்சை, காத்தால வெள்ளனே எந்திரிக்கணும் என்கிறாள்.

டிசம்பர் 4, வியாழன்

மாரப்பன் மஞ்சள் அரைக்க வந்தார். அவர் வீட்டுக்காரியும் எங்களோடு ஆடுகிறவள்தான். தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, "ஏனுங்க, நீங்க பிராக்டிசுக்குப் போறதில்லீங்களா? எங்கூட்டுல காத்தால அஞ்சரைக்கே கல்யாண மண்டபத்துக்குப் போயிர்றாங்களே" என்றார்.

சிரித்துச் சமாளித்தேன். மஞ்சளில் பாதியைக் கீழே கொட்டிவிட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மண்டபத்துக் கேட்டுக்கு வெளியே செருப்பு பதினேழு ஜோடி, வாத்தியாருடையதையும் சேர்த்து. உள்ளே வட்டம் இல்லை. பாதி வட்டம்தான். எதிரே நான்கு நாற்காலி போட்டு, அதைப் பார்த்தபடி ஆடுகிறார்கள் — நடுவர் உட்காரும் பக்கமாம்! நட்ட நடுவில் லோகப்பிரியா. நான் மூட்டைகளுக்கு நடுவே சொல்லிக்கொடுத்த அதே திருப்பம், அதே கைவீச்சு. என்னைப் பார்த்தாள். ஒரு அடிகூடத் தப்பவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. தப்பியிருந்தால் மன்னித்திருப்பேன்.

மத்தியானம் அவளே வந்தாள். "உங்க முட்டிய நெனச்சுத்தானுங்க்கா வாத்தியாருகிட்ட சொன்னேன். உங்க நல்லதுக்குத்தானுங்க." என்னோட முட்டிய! அவகிட்ட மட்டும் சொன்ன முட்டிய! அட, முட்டியை விடு, கற்பூரம் என்னாச்சுடி என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "பதினாறுன்னா பதினாறுதானுங்க்கா. நான் நிக்கலீன்னா அந்த எடத்துல வேறொருத்தி நிப்பா. என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?"

வெளியே போ என்று மட்டும் சொன்னேன். ஊரெல்லாம் பகை என்றாலும் தாங்கிக்கொள்வேன். இவளா? இவளுமா?

டிசம்பர் 6, சனி

மெஷின் ஓடும்போது அழுதால் யாருக்கும் கேட்பதில்லை. நாளெல்லாம் ஓடவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

குழந்தையம்மாள் சீமாறு எடுத்துக்கொண்டு வந்து கேட்காமலே மில் வாசலைக் கூட்ட ஆரம்பித்தார். "என்னங்க இது?" என்றேன். "அவிய போனா போறாங்க அம்மணி. மிச்சம் இருபத்தாறு பேரு இருக்கறமல்ல. இங்கியே ஆடுவோம்."

வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், இந்த வெயிலில்! ஆறு மணிக்கு இருபத்தொரு பேர் வந்துவிட்டார்கள். முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு ஆடினேன். வழக்கம்போல அவர் ஒருத்தர் மட்டும் எங்களுக்குப் பின்னாலேயே கை தட்டிக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. இந்த மாதத்தில் இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

சோமனூரில் அவர்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு இல்லை என்றதும் எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் எதற்கு எழுத வேண்டும்? குளிர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் கோப்பையை வெளியே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறாள்.

ஜனவரி 19, திங்கள்

வாத்தியார் மில்லுக்கு வந்தார். என்ன முகத்தோடு வந்தாரோ. மார்ச்சில் சிங்காநல்லூரில் இன்னொரு போட்டியாம். ஒரே ஊரிலிருந்து இரண்டு டீம் வரலாமாம். "உங்க பக்கம் ஒரு டீம் எடுங்கம்மா. லோகப்பிரியாவ அடிக்கறதுக்கு உங்களை உட்டா ஆளில்லீங்க."

சீமாற்றால் அடித்துத் துரத்தியிருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தை — லோகப்பிரியாவை அடிப்பது — நாள் பூராவும் காதிலேயே ஓடுகிறது.

ஜனவரி 21, புதன்

இன்று மில் வாசலில் ஆடும்போது ஆட்டத்தில் மனசு இல்லை. யார் கை சரியாக விழுகிறது, யார் குனிவது லேட் என்று பார்த்துக்கொண்டே ஆடினேன். முன்பெல்லாம் இப்படிப் பார்த்ததே இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

பெயர் எழுதினேன். பதினைந்து தடையில்லாமல் வந்துவிட்டது. பதினாறாவதாகக் குழந்தையம்மாள் என்று எழுதினேன். அவர் இருந்தால் முதல் பாட்டிலேயே மார்க் போய்விடும், லோகப்பிரியா ஜெயித்துவிடுவாள். எனக்கு இந்த ஒரு தடவை அவள் தோற்க வேண்டும். ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம் எல்லாரும் சேர்ந்தே ஆடலாம்.

அந்தப் பெயரை அடித்துவிட்டு மாரப்பன் வீட்டு மருமகளை எழுதினேன். மில் வாசலுக்கு வந்து பழகி ஒரு மாதம்தான். நல்ல தாளம்.

ஜனவரி 26, திங்கள்

மில்லுக்கு லீவு. குழந்தையம்மாள் வந்திருந்தார். எங்கேயோ காதில் விழுந்திருக்கிறது, நாமும் போட்டிக்குப் போகிறோம் என்று. முகமெல்லாம் பல். போன வருசம் எடுத்த பச்சைச் சேலையை மஞ்சப்பையில் மடித்துக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார்.

"நம்ம டீமுக்கு என்ன கலருங்க அம்மணி? இது ஆகும்னா புதுசு எடுக்க வேண்டாம் பாருங்க."

சேலையைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல பச்சை.

"இன்னும் முடிவாகலீங்க" என்றேன்.

"செரி, முடிவானதும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று சேலையை மடித்துக்கொண்டு போனார். நாளைக் காத்தால அஞ்சரைக்குப் பதினாறு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.