நீ பாதியில் நிறுத்திய வீடியோ

எதிலும் எனக்கு விட்டுக்கொடுக்காத என் அன்பு மச்சான் பாலாவுக்கு,

நீ போய் மூன்று மாதம் முடிந்துவிட்டது. இங்கே மழை விட்டபாடில்லை. மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினால் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரிவதில்லை. உன் மகள் தர்ஷினி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். விஜயா உன் கருமாதி முடிந்த கையோடு கொழுந்தெடுக்கப் போகத் தொடங்கிவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இரு என்று சொன்னேன். கேட்கிற ஆளா அவள்?

இதையெல்லாம் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன் என்று நினைத்துவிடாதே. நான் ஒரு பிழை செய்துவிட்டேன் மச்சான். உன் வீட்டில், உன் சாமான்மேல் கைவைத்துச் செய்த பிழை. அதை நாலு பேர் கேட்க உன்னிடம் ஒப்புக்கொண்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது. ஹட்டனில் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். நான் பஜாரில் கணினி திருத்துகிற கடைக்குப் போனேன், நீ தேயிலை ஃபெக்டரியில் மின்சார வேலைக்குப் போனாய். பிறகு என் தங்கச்சி விஜயாவைக் கட்டி, கூட்டாளியாக இருந்தவன் சொந்த மச்சானாகவே ஆகிவிட்டாய். ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் கழித்துவிட்ட பழைய கணினியை வாங்கி, தோட்டத்து வரிசை வீட்டில், உன் லயத்துக் காம்பராவில் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தாய். படம், பாட்டு, தோட்டத்துக் கல்யாணம், திருவிழா என்று நீ எடுத்த வீடியோ எல்லாவற்றையும் அதில் போட்டாய். டிவியில் ரிமோட்டை அமுக்கினால் எதுவும் ஓடும். வீட்டுக்குள்ளேயே தியேட்டர் வைத்திருந்தவன் நம் தோட்டத்தில் நீ ஒருவன்தான்.

அதற்கு எந்த மென்பொருள் என்பதில்தான் நமக்கு வருடக்கணக்காய்ச் சண்டை. நீ ஒரு கம்பனி விற்கிற மென்பொருளை வாங்கிப் போட்டிருந்தாய். நான் திறந்த மூலக் கட்சி. யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், ஊர் பேர் தெரியாத ஆட்கள் சும்மா எழுதிக் கொடுத்தது.

"ஒன் வீட்டுல இருக்கிற படத்தப் பாக்க வெளிநாட்டுக்காரன்கிட்ட ஏன்டா உத்தரவு கேக்குற? நாளைக்கு அவன் பூட்டிட்டா என்ன செய்வ?" என்பேன் நான்.

"ஒஞ் சாமான் ஓடணும்னா ஒன்னையும் சேத்து அது பக்கத்துல கட்டி வைக்கணும். எனக்கு விஜி அமுக்குனா ஓடணும். அவ்வளவுதான்" என்பாய் நீ.

ஒருமுறை என் மென்பொருளைப் போட்டுக் காட்டுகிறேன் என்று உன் வீட்டுக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? அது வீடியோவின் பெயரைப் பார்த்துத் தானாகவே இணையத்தில் அட்டைப்படம் தேடிக்கொண்டு வரும். நம் மாரியம்மன் திருவிழாவுக்கு ஏதோ ஒரு வெள்ளைக்காரக் கொலைப்படத்தின் படத்தைக் கொண்டுவந்து ஒட்டியது. கத்தியும் கையுமாக ஒருத்தி! "ஆத்தா ஆளே மாறிட்டாளேடா!" என்று நீ சிரித்த சிரிப்பு பக்கத்து லயம் வரை கேட்டது. உன்னுடையதும் சில நேரம் அப்படித்தான் ஒட்டும் என்று நான் சொன்னது யார் காதில் விழுந்தது?

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் இடி விழுந்து கணினியில் இருப்பதை டிவியில் காட்டுகிற சின்னப் பெட்டி எரிந்துபோனது. நான் புதுப் பெட்டி கொண்டுபோய் டிவியோடு பொருத்திப் பூட்டினேன். உன் மென்பொருள் கடவுச்சொல் கேட்டது. அது உனக்கு மட்டும்தான் தெரியும். மாற்றலாம் என்று பார்த்தால், உன் கைப்பேசிக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறேன், அதைப் போடு என்றது. உன் கைப்பேசி மேசையில்தான் இருந்தது, விஜயா சார்ஜ் போட்டே வைத்திருந்தாள். டிங் என்று சத்தம் வந்தது. உள்ளே வந்த எண்ணைப் பார்க்க அதன் பூட்டைத் திறக்கவேண்டும். அந்த எண்ணையும் நீ யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சத்தம் வந்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். சொல்ல நாக் கூசுகிறது மச்சான். "பாத்தியாடா, நான் சொன்னேன்ல" என்று உன் படத்தைப் பார்த்து மனசுக்குள் சொன்னேன். மாலை போட்ட படத்திடம் போய் வாதம் ஜெயிக்கிற மனுசன் வேறு யாராவது இருப்பானா?

"அண்ணே, பழையபடி வச்சுக் குடுங்க, அது போதும்" என்றாள் விஜயா. எதைப் பழையபடி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா என்ற திமிர். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உன் மென்பொருளை வேரோடு பிடுங்கிப் போட்டேன். பழைய குறிப்புகளையும் அழிக்கவா என்று அது ஒரு முறை கேட்டது. அழி என்றேன். என் திறந்த மூலத்தைப் போட்டு, வீடியோக்களுக்கு ஒழுங்காகப் பெயர் வைத்து, எழுத்தெல்லாம் தமிழில் வருகிற மாதிரி செய்து, ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் திரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"அவரு எடம் எங்கண்ணே?"

"என்ன எடம்?"

"கடைசியா திருவிழாவப் பாத்துக்கிட்டு இருந்தாரே. பாதி வரைக்கும் மஞ்சக் கோடு ஒன்னு இருக்குமே. அது எங்க?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பார்த்து நிறுத்திய இடத்தை அந்த மென்பொருள் குறித்துவைத்து, முதல் பக்கத்திலேயே காட்டும். நீ சாவதற்கு முதல் நாள் நிறுத்திய இடம் அது. விளக்கு வைக்கும்போதெல்லாம் டிவியைப் போட்டு அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு அணைப்பாளாம். வீட்டில் எல்லோரும் உன் பெயரில்தான் பார்த்தார்கள் என்பதால், யாராவது அந்த வீடியோவைத் தொட்டால் கோடு நகர்ந்துவிடும் என்று தர்ஷினியைக்கூடத் தொடவிடவில்லை.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "வீடியோ ஒன்னும் அழியல விஜி. எல்லாம் இருக்கு. முதல்ல இருந்து பாரேன்" என்றேன்.

"முதல்ல இருந்து பாக்கவா நான் இத்தன நாளு தொடாம வச்சிருந்தேன்?"

அவ்வளவுதான் கேட்டாள். குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கணினியைக் கழற்றி ஹட்டனுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அழிந்ததை மீட்கிற வித்தை எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு நாள் செய்து பார்த்தேன். அழித்த இடத்தின் மேலேயே என் மென்பொருளை எழுதியிருந்தேன், கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு திரும்பப் போய்ப் பூட்டிவிட்டு உண்மையைச் சொன்னேன். அவள் அடுப்படியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் ரொட்டிதான் தட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "மைக்குல ஒருத்தன், ஒத்தச் செருப்பு கெடச்சிருக்கு, சொந்தக்காரர் வந்து வாங்கிக்கங்கன்னு கத்துனான். ஒத்தச் செருப்புக்கு ஒரு மைக்கான்னு நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. அதோட நிறுத்திட்டுச் சாப்பிட வந்துட்டாரு."

மறுநாள் காலை ஃபெக்டரியில் உனக்கு நெஞ்சு வலித்தது.

"போடுங்கண்ணே. நான் பாக்க மாட்டேன். இங்க இருந்தே கேக்குறேன்."

போட்டேன். தப்பு மேளச் சத்தம், குலவை, இடையிடையே உன் இருமல். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது. அவள் ரொட்டியைத் தட்டித் தட்டிச் சுட்டுக்கொண்டே இருந்தாள், ஒரு தடவையும் திரும்பவில்லை. ஒற்றைச் செருப்பு அறிவிப்பு வந்தது. நான் அவசரப்பட்டு நிறுத்தினேன்.

"இல்லண்ணே, இன்னும் கொஞ்சம் விடுங்க. சிரிச்சு முடிச்சுத்தான் நிறுத்துனாரு" என்றாள். விட்டேன். "ஆங், இங்க!"

உன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அதே இடத்தில் நிறுத்தினேன். கோடு வந்தது. மாக் கையோடு வந்து நின்று பார்த்தாள். அதே இடம்தானா, ஒரு நிமிடம் முன்பின்னா என்று உனக்குத்தான் தெரியும். அவள் சரி என்றாள்.

எனக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. "விஜி, ஒம் பேர்லயும் தனியா ஒரு கணக்கு போடலாம். அதுல நீ பாத்தா அவரு கோடு அசையாது." கையைத் துடைத்துக்கொண்டு வி-ஜ-யா என்று ஒவ்வோர் எழுத்தாக அவளே தட்டினாள். செருப்பு அறிவிப்பிலிருந்து மேலே ஓடவிட்டாள்.

பத்து நிமிடம் இருக்கும். திடீரென்று படம் ஆடியது. தரை, கால்கள், வானம். படம் பிடித்துக்கொண்டிருந்த கைப்பேசியை யாரிடமோ கொடுத்துவிட்டாய். பிறகு கூட்டத்துக்குள்ளிருந்து நீ வந்தாய் மச்சான். சட்டையில்லாமல், இடுப்பில் துண்டோடு, சாமிப் பல்லக்கின் தண்டு தோளில். வீட்டிலிருக்கிற அத்தனை வீடியோவிலும் உன் குரல்தான் இருக்கும், ஆளைப் பார்க்க முடியாது. இதில் நேராகப் பார்த்து, "டேய், ஆட்டாம புடிடா, வீட்டுல போட்டுக் காட்டணும்" என்றாய்.

"வயித்த உள்ள இழுக்குறாரு பாருங்கண்ணே!" என்று விஜயா சிரித்தாள். அது உண்மை, இழுத்தாய். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையானது. மூன்று மாதமாக அழாத அழுகை. தர்ஷினி புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மூன்று பேரும் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தோம்.

எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறாயா? முகத்தைத் துடைத்துவிட்டு, "பாத்தியா விஜி, அந்தக் கம்பனிக்காரன் பூட்டி வச்சிருந்தான். இப்ப எல்லாம் நம்ம வீட்டுக்குள்ள" என்று ஆரம்பித்தேன்.

"அவரு சாவி அவரோட போச்சு. இப்ப இருக்கிற சாவி யாருகிட்ட?" என்று கேட்டாள்.

"எங்கிட்டத்தான்."

"நாளைக்கு ஒங்களுக்கு ஒன்னு ஆனா, நான் யாரு வாசல்ல போய் நிப்பேன்?"

நீ இருந்திருந்தால் தொடையில் தட்டிச் சிரித்திருப்பாய். எது நல்லது என்று இவ்வளவு காலம் கத்தினோமே, அந்த வீட்டில் குடியிருக்கிறவளிடம் நம்மில் ஒருவனாவது ஒரு வார்த்தை கேட்டோமா?

போன ஞாயிறு அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். இன்னொரு வன்தட்டில் பிரதி எடுப்பது, நின்றுபோனால் எழுப்புவது, புதுப் பெட்டி வந்தால் பூட்டுவது. இரண்டு தடவை பிழைவிட்டாள், மூன்றாம் தடவை என்னைத் தள்ளியிருக்கச் சொன்னாள். நிர்வாகி என்ற இடத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட்டோம். கடவுச்சொல் வைக்கும்போது நான் எழுந்து வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கிற ட்ரங்குப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, தர்ஷினியைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டினாள்.

உனக்கு வாக்குத் தருகிறேன் மச்சான். அவள் கூப்பிட்டால் போவேன், சொன்ன வேலையை மட்டும் செய்வேன். அந்தக் கடவுச்சொல் என்னவென்று சாகும்வரை கேட்கமாட்டேன்.

விஜயாவின் அண்ணன்,
தர்ஷினியின் தாய்மாமன்,
உன்னிடம் தோற்றுப்போன மச்சான்
குமார்