உன் சொந்தக்காரர்கள்

என் பிரியமானவளுக்கு,

உன் முன்னோர்களின் கல்லறைகளைத் தேடி நீ தங்கியிருக்கும் ஹெரிஃபோர்டிலிருந்து மழையிலேயே காரை ஓட்டி நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். பூனை சாப்பிட்டது. தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

லயனல் நல்ல மனிதர்தான். தேவாலயத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு அவ்வளவு நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று மட்டும் யோசித்தேன். வாரக்கணக்கில் உன்னோடு மண்டியிட்டுக் கல்லறைக் கற்களில் பாசி சுரண்டுகிறார். ஒரு கல்லில் உன் கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரிந்ததும் லயனலின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே, அந்தச் சிரிப்பை நான் கேட்டுப் பல வருடமாயிற்று.

"இந்த மோவாய் எங்க ஊரு மோவாய்தாம்மா. நீங்களும் நானும் எப்படியோ சொந்தம்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சாருக்கு எந்த ஊரு? உங்க ஆளுங்களையும் தேடிடலாமே!" என்றார்.

"அவருக்கு யாரும் இல்ல. அநாதை இல்லத்துல வளர்ந்தவர்," என்று கல்லைத் துடைத்தபடியே நீ சொன்னாய்.

உண்மைதான். ஆனால் எனக்கு நீ இருப்பதாக அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தக் கல்லறைத் தோட்டம் முழுக்க உனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். செத்தவர்கள்மீது பொறாமைப்படுகிறவனை நீ பார்த்திருக்க மாட்டாய். வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உன் கொள்ளுத்தாத்தாவுக்குப் பக்கத்தில் உன் கல்லறைக்கும் ஓர் இடம் ஒதுக்கித் தருவதாக லயனல் சொன்னபோது நீ உடனே தலையாட்டினாய். முடிவாகச் சரி என்று சொல்வதற்கு முன், அது இரண்டு பேருக்குப் போதுமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

இப்படிக்கு,
உன் கணவன்