டாட் பி.ஒய்.

மார்ச் 3, செவ்வாய்
காலையிலேயே தம்பி ஜெரினோடு சண்டை. எங்கள் தோல்பைக் கடைக்கு இணையதளம் வேண்டும், சரி. 'ரோசா பேக்ஸ்' என்ற பேருக்குப் பின்னால் என்ன போடுவது? டாட் காம் யாரோ வாங்கிவிட்டார்கள். டாட் இன் போதும் என்றேன். "சும்மா இரு அக்கா, உனக்குத் தெரியாது" என்றான். கடைக்கு என் பேர். ஒவ்வொரு பையும் நான் வரைந்து வெட்டியது. வாயைத் திறந்தால் மட்டும் சும்மா இருக்கணும்!

மார்ச் 5
டாட் ஷாப், டாட் ஸ்டோர், டாட் எஃப்.ஆர். என்று பட்டியல் படித்தான். பாரிசிலிருக்கும் மாமா டாட் எஃப்.ஆர். போடச் சொன்னாராம். நாங்கள் என்ன பிரான்சிலா தைக்கிறோம்? பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்துத் தகரக் கொட்டகையில் வேர்த்து ஊத்துது.

மார்ச் 9
பேசவில்லை.

மார்ச் 12, வியாழன்
பட்டறைக்குப் போனால், நூற்றெண்பது பையிலும் முகவரியைச் சூட்டு அச்சால் அழுத்தி வைத்திருக்கிறான். ரோசாபேக்ஸ் டாட் பி.ஒய். தோலில் சுட்டது அழியுமா?

"நம்ம ஊரு வண்டி நம்பரெல்லாம் பி.ஒய். தானேக்கா? டாட் பி.ஒய்.ன்னா பாண்டிச்சேரி."

வாங்கிட்டியா என்றேன். "எவன் எடுக்கப்போறான்? அடுத்த வாரம் வாங்கிக்கலாம்."

எனக்கும் ஒரு நிமிஷம் சரி என்றுதான் பட்டது. அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 13, வெள்ளி
தளம் செய்து தரும் சிவசங்கரி போன் பண்ணினாள். "ரோசாக்கா, பி.ஒய். நம்ம ஊரு இல்ல. பராகுவே. தென் அமெரிக்காவுல இருக்கற நாடு."

பராகுவே! அது எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட எனக்குத் தெரியாது. இருபத்தெட்டாம் தேதி சென்னையில் இந்தப் பைகளை வைக்கவேண்டிய கண்காட்சி. பாவி, கெடுத்தானே. தவக்காலம், கெட்ட வார்த்தை பேசக்கூடாது. பேசினேன். சாயங்காலம் எந்த முகத்தோடு சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போறது?

மார்ச் 14
என்னை ஒரு வார்த்தை கேட்டியா என்றேன். "கேட்டா நீ டாட் இன்னுதான் சொல்லுவே" என்றான். ஆமாண்டா, சொல்லுவேன்!

மார்ச் 16
நானே சிவசங்கரியிடம் போய் டாட் இன் வாங்கினேன். படிவத்தில் உரிமையாளர் பேர் கேட்டது. லைசென்ஸ், வங்கிக் கணக்கு எல்லாம் ஜெரின் பேரில்தான் இருக்கின்றன. பதினோரு வருஷமாக அது எனக்கு உறைக்கவே இல்லை — ஏன்? "யாரு பேரு போடட்டும்க்கா?" என்றாள்.

"ரோசா. அவ்ளோதான்."

மார்ச் 21
நூற்றெண்பது துண்டுத் தோல் வைத்துத் தைத்து மறைக்கிறேன். வேறு வழியில்லை. விரல் வீங்கிவிட்டது. ஜெரின் துண்டு வெட்டிக் கொடுக்கிறான். பாவமாக எல்லாம் இல்லை.

மார்ச் 24, செவ்வாய்
புது அச்சில் என்ன எழுத்து வரணும் என்று கேட்டு அச்சு செய்பவர் போன் செய்தார். எடுத்தது ஜெரின். பதில் சொல்ல வாயைத் திறந்தவன், நிறுத்தினான்.

"இருங்க, மொதலாளி இருக்காங்க. குடுக்கறேன்."

கோபம் இன்னும் அடங்கவில்லை. போனை வாங்கி, டாட் இன் வரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பிறகு அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன், இரண்டு தடவை.